நோன்பு மறவரின் மானமும் அறமும்: பாத்திரமேற்பு ஆட்டங்களின் நெறித்தொகைகள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, நடத்துநர் எனப்படும் ஒருவர் நிகழ்வுகளை விவரிக்க, மற்றவர் ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசியும் செயல்பட்டும், ஐயமான இடங்களைப் பகடை உருட்டித் தீர்த்தும் ஆடுவது பாத்திரமேற்பு ஆட்டம். இதன் முதல் விதிநூலாகிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆடுவோர் தேர்ந்துகொள்ளும் வீரர் வகைகளுள் ஒன்று, தெய்வத்தின் பெயரால் சூளுரைத்து வாளேந்தும் பாலடின். பெரும்பாலான வகைகளுக்கு விதிநூல் அவர்கள் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்கிறது. பாலடினுக்கு அவர் என்ன செய்யக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதை மீறினால் பல பதிப்புகளில் ஆற்றல் பறிபோகும்.

ஒரு கற்பனை மாந்தரின் ஒழுக்கத்தை விதியாக எழுதி, மீறலுக்குத் தண்டனையும் வகுக்கும்போது, எழுதுவோர் தம்மை அறியாமலேயே ஓர் அறநூலை எழுதத் தொடங்கிவிடுகின்றனர். அந்த அறநூல் ஏறக்குறைய அரை நூற்றாண்டில் பல முறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. அத்திருத்தங்களை வரிசைப்படுத்தி, அவற்றின் ஊடே ஓடும் கேள்வியை வெளிக்கொணர்வது இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நெறித்தொகையின் தரத்தை அதன் கடுமையைக் கொண்டு அளக்க இயலாது; அதன் விதிகளுள் எது மேல், எது கீழ் என்ற வரிசை தெளிவாக இருக்கிறதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அவ்வரிசையில் மானம் அறத்துக்குக் கீழ்ப்பட்டு நிற்கும்போதுதான் நோன்பு மறவர் என்னும் பாத்திரம் பொருள்படுகிறது என்பதை நிறுவ முயல்கிறோம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பதிப்புகளே நம் முதன்மைச் சான்று. பாத்ஃபைண்டர், பென்டிராகன், டாக்ஸ் இன் த வைன்யார்ட் ஆகிய ஆட்டங்களையும், டிராகன்லான்ஸ் புதினங்களையும் ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்கிறோம். கணினி ஆட்டங்கள் நம் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அங்கே மறவரின் செயலை எடைபோட எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருப்பதில்லை.

2. வரையறைகள்

நோன்பு மறவர்: ஒரு தெய்வத்துக்கோ கொள்கைக்கோ சூளுரைத்து, அச்சூளினால் ஆற்றல் பெற்று, அச்சூளைக் காப்பதையே அவ்வாற்றலின் நிபந்தனையாக ஏற்ற போர்வீரர். ஆற்றல், சூள், நிபந்தனை ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி ஒருவர் இவ்வகையில் அடங்கார். பக்தி மிக்க வீரர் எல்லாரும் நோன்பு மறவர் ஆகார்.

நெறித்தொகை: நோன்பு மறவர் செய்ய வேண்டியவற்றையும் தவிர்க்க வேண்டியவற்றையும் கூறும் விதிகளின் தொகுப்பு.

மானம்: தாம் ஏற்ற சொல்லுக்கும் தம் அணியின் வழக்குக்கும் பிறழாமல் நிற்றல். பொய்யுரையாமை, நஞ்சு தீட்டிய படைக்கலம் ஏந்தாமை, தலைமைக்குப் பணிதல் முதலியன இதன் உறுப்புகள். மானத்தின் அளவுகோல் மறவரின் சொல்லிலும் அவர் சார்ந்த அணியின் மதிப்பிலும் இருக்கிறது.

அறம்: சூளுரை இருப்பினும் இல்லாவிடினும் பிறருக்கு நாம் கடன்பட்டிருப்பது. குற்றமற்றவரைக் கொல்லாமை, துன்புறுவாரைக் காத்தல் முதலியன இதன் உறுப்புகள். அறத்தின் அளவுகோல் எதிரே நிற்பவருக்கு நேரும் நன்மை தீமையில் இருக்கிறது.

அறச்சார்பு: ஒரு கதைமாந்தர் ஒழுங்கு, குலைவு என்னும் அச்சிலும், நன்மை, தீமை என்னும் அச்சிலும் எங்கே நிற்கிறார் என்பதைக் குறிக்கும் விதிநூல் வகைப்பாடு.

வீழ்ச்சி: நெறி மீறலால் ஆற்றல் நீங்குதல். மீள வழியுள்ளது மீள்வீழ்ச்சி, வழியற்றது மீளாவீழ்ச்சி.

கழுவாய்: மீள்வீழ்ச்சியிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பச் செய்யப்படும் சடங்கோ செயலோ.

இவ்வரையறைகளின்படி மானமும் அறமும் பெரும்பாலும் ஒருங்கே செல்லும். அவை பிரியும் இடங்களே நம் ஆய்வுக்குரியவை.

3. முன்மாதிரிகள்

பாலடினுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு. முதலாவது, சார்லமேன் பேரரசரின் பன்னிரு தோழர்களைப் பற்றிய பிரெஞ்சு வீரகாவிய மரபு. இரண்டாவது, துறவு நோன்புகளோடு வாளேந்திய டெம்ப்ளர் போன்ற இடைக்காலப் படைத்துறவியர் அணிகள். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் துறவியர் நோன்புகளைப் போர்வீரருக்கும் உரியவையாக்கியவர்கள் அவர்களே. மூன்றாவது, போல் ஆண்டர்சனின் மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும் என்னும் புதினம். 1953இல் இதழிலும் 1961இல் நூலாகவும் வெளிவந்த இக்கதையில், டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு பொறியாளர் ஒழுங்கும் குலைவும் போரிடும் வேறோர் உலகில் விழித்தெழுந்து, தாம் சார்லமேனின் தோழர்களுள் ஒருவர் என்று அறிகிறார். ஆட்டத்தின் ஒழுங்கு, குலைவு என்னும் எதிர்நிலைக்கு இதுவும் மைக்கேல் மூர்காக்கின் கதைகளும் தூண்டுதலாயின.

இவற்றுள் முதல் ஊற்றிலேயே நம் கேள்வி முளைத்திருப்பது கருதத்தக்கது. ரோலண்டின் காவியத்தில், ரோன்செவோ கணவாயில் பின்படையைக் காக்கும் ரோலண்டைப் பெரும்படை சூழ்கிறது. கொம்பை ஊதிப் பேரரசரைத் திரும்ப அழைக்குமாறு தோழன் ஒலிவியே வேண்டுகிறான். உதவி கேட்பது தன் குலத்துக்கு இழுக்கு என்று ரோலண்ட் மறுக்கிறான். படை முற்றும் அழியும் தறுவாயில்தான் அவன் கொம்பு ஊதுகிறான். நம் வரையறைப்படி, அவன் தன் மானத்தைக் காத்தான். தன்னை நம்பி வந்தவர்களுக்கு அவன் பட்டிருந்த கடனோ தீரவில்லை. காவியம் இருவரையும் வீரராகவே போற்றினாலும், மானமும் அறமும் பிரியும் கோட்டை அந்தக் கொம்பு காட்டிவிடுகிறது.

4. நெறித்தொகையின் வளர்ச்சி நிலைகள்

4.1 ஒழுங்கு மட்டும் (1975)

1974ஆம் ஆண்டு விதிநூலில் அறச்சார்பு ஒழுங்கு, நடுநிலை, குலைவு என மூன்றே. நன்மை தீமை என்னும் அச்சு தோன்றவில்லை. 1975இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூலில் பாலடின் முதன்முறையாக இடம்பெறுகிறார். அவர் தொடக்கம் முதலே ஒழுங்கைச் சார்ந்திருக்க வேண்டும். பிறரைக் கவரும் திறனைக் குறிக்கும் ஈர்ப்பாற்றல் எண் 17 அல்லது 18 இருக்க வேண்டும். மூன்று பகடைகளை உருட்டினால் அந்த எண்கள் 216 வாய்ப்புகளில் நான்கில்தான் கிட்டும், அதாவது 54க்கு ஒன்று. குலைவான செயல் ஒன்றைச் செய்தாலும் பாலடின் தகுதி உடனே நீங்கும். பின்னர் ஒருபோதும் திரும்பாது.

செல்வத்துக்கும் வரம்பு உண்டு. தம்மையும் தம் ஆட்களையும் எளிய கோட்டையையும் பேணுவதற்கு வேண்டியது போக எஞ்சியதை ஏழைகளுக்கோ அறநிலையங்களுக்கோ சமய நிறுவனங்களுக்கோ கொடுத்துவிட வேண்டும். அந்தக் கொடை உடன் ஆடும் இன்னொருவரின் கதைமாந்தரிடம் போய்ச் சேரக் கூடாது என்றும் விதி எச்சரிக்கிறது. ஆடுவோரின் இயல்பை நன்கறிந்த ஒருவர் எழுதிய வரி இது. விதியின் நோக்கம் அறம் மட்டுமன்று என்பதையும் இது காட்டிக்கொடுக்கிறது. மிகுந்த ஆற்றல் பெற்ற ஒரு வகையைக் கட்டுக்குள் வைக்க ஒழுக்கம் இங்கே விலையாகவும் வசூலிக்கப்படுகிறது.

4.2 ஈரச்சு (1978 முதல்)

1976இல் கைகாக்ஸ் ஓர் இதழ்க் கட்டுரையில் ஒழுங்கு, குலைவு ஆகியவற்றோடு நன்மை, தீமை ஆகியவற்றையும் இணைத்து விளக்கினார். 1978இல் வெளிவந்த உயர்நிலை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பின் ஆடுவோர் கையேட்டில் இரண்டு அச்சுகளும் சேர்ந்து ஒன்பது அறச்சார்புகள் ஆயின. பாலடினுக்கு ஒழுங்கும் நன்மையும் ஒருசேர வேண்டும் என்றானது. வருவாயில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேற்படாமை, நன்மை சாராதவரோடு கூடிப் பயணிக்காமை ஆகியவை சேர்ந்தன.

நம் ஆய்வுக்கு மையமான மாற்றம் தண்டனையில் நிகழ்ந்தது. அறிந்தே குலைவான செயல் செய்த பாலடின், ஏழாம் படிநிலைக்குக் குறையாத பூசகர் ஒருவரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவர் விதிக்கும் கழுவாயைச் செய்து மீளலாம். அறிந்தும் விரும்பியும் தீய செயல் செய்தவருக்கு மீட்சி இல்லை. மானம் அறத்துக்குக் கீழ்ப்பட்டது என்று அந்நூல் எங்கும் எழுதவில்லை. ஆயினும் ஒழுங்கு மீறல் மீள்வீழ்ச்சி, தீமை மீளாவீழ்ச்சி என்று தண்டனையைப் பகுத்ததன் வழியே அந்த வரிசையை அது உள்ளூர ஏற்றுக்கொண்டுவிட்டது. 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பும் இப்பகுப்பைப் பின்பற்றியது.

4.3 எழுதப்பட்ட நெறி (2000)

மூன்றாம் பதிப்பில் பாலடின் மனித இனத்தவராகவே இருக்க வேண்டும் என்ற கட்டு நீங்கியது. நெறித்தொகை வெளிப்படையாக எழுதப்பட்டது: முறையான தலைமையை மதித்தல், மானத்தோடு நடத்தல், தேவையுள்ளோர்க்கு உதவுதல், குற்றமற்றவரைத் துன்புறுத்துவோரைத் தண்டித்தல். பொய்யும் வஞ்சனையும் நஞ்சும் மானத்துக்கு மாறானவை எனப் பெயர் சுட்டி விலக்கப்பட்டன. தெளிவு கூடியது, வரிசை மங்கியது. நான்கு விதிகளும் ஒரே மட்டத்தில் நின்றன. தேவையுள்ளோர்க்கு உதவ முறையான தலைமையை எதிர்க்க நேர்ந்தால் எது முந்தும் என்பதற்கு அங்கே விடை இல்லை.

4.4 தண்டனை நீக்கம் (2008)

நான்காம் பதிப்பில் எந்த அறச்சார்புள்ள தெய்வத்துக்கும் பாலடின் இருக்கலாம் என்றானது. ஒருமுறை அளித்த ஆற்றலைப் பறிக்கும் விதி நீங்கியது. ஆற்றல் எஞ்சியது, நிபந்தனை மறைந்தது. நம் வரையறையின் மூன்று உறுப்புகளுள் ஒன்று இல்லாமையால், இப்பாலடினை நோன்பு மறவர் என்று அழைக்க நாம் தயங்குகிறோம். வீழ முடியாதவர் நிலைத்து நிற்பதில் சிறப்பேதும் இல்லை.

4.5 சூளுரைகள் (2014 முதல்)

ஐந்தாம் பதிப்பு அறச்சார்பை விட்டுச் சூளுரையைப் பற்றிக்கொண்டது. கையேட்டில் மூன்று சூள்கள் இடம்பெற்றன: பற்றுறுதியின் சூள், தொல்லோர் சூள், வஞ்சினம். முதலாவது வாய்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை என்னும் ஐந்தைக் கோருகிறது. இரண்டாவது உலகின் ஒளியையும் மகிழ்வையும் காக்கச் சொல்கிறது. மூன்றாவது பெருந்தீமையை முதலில் எதிர்க்கவும், சூளுரைத்த பகைவருக்கு இரங்காதிருக்கவும், அதற்கு எவ்வழியையும் தேரவும் இசைகிறது. 2017இல் மீட்பின் சூளும் வெற்றிகொள்ளலின் சூளும் சேர்ந்தன. இந்நிலையில் கேள்வி திசைமாறுகிறது. எல்லாப் பாலடினுக்கும் பொதுவான அறம் எது என்று கேட்பதைவிட, இவர் எதற்குச் சூளுரைத்தார் என்று கேட்பதே முதலாயிற்று.

5. கடமைகளின் வகைப்பாடு

மேற்கண்ட நெறிகளை எல்லாம் கடமை யாரை நோக்கியது என்ற அடிப்படையில் நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, தன்னோக்குக் கடமை: செல்வ வரம்பு, அச்சமின்மை, சொல் தவறாமை.

இரண்டாவது, அணிநோக்குக் கடமை: தலைமைக்குப் பணிதல், தீயோருடன் கூடாமை. மேசையில் பூசல் விளைப்பதில் இவ்வகைக்கே முதலிடம். மூன்றாம் பதிப்பின்படி தீயோர் என்று அறிந்தவரோடு பாலடின் சேர்ந்து செல்லக் கூடாது. உடன் ஆடுபவர் ஒருவர் கயவன் பாத்திரத்தை ஏற்றிருந்தால், விதி ஒரு கதைமாந்தரைக் கட்டுப்படுத்துவதாகத் தோன்றினாலும், உண்மையில் மற்றொரு மனிதர் எதை ஆடலாம் என்பதையே தீர்மானிக்கிறது.

மூன்றாவது, எளியோர்நோக்குக் கடமை: குற்றமற்றவரைக் காத்தல், உதவுதல்.

நான்காவது, பகைநோக்குக் கடமை: சரணடைந்தோர்க்கு இரங்கல், வஞ்சனையின்றிப் போரிடல்.

இவற்றுள் முதலிரண்டும் மானத்தின் பாற்படும். மூன்றாவது அறத்தின் பாற்படும். நான்காவது இரண்டும் சந்திக்கும் களம். பகைவர் மறவரின் சொல்லை நம்பி வாளைக் கீழே வைக்கிறார். அந்நொடியிலேயே அவர் காப்புக்குரிய எளியோராகவும் மாறிவிடுகிறார். விவாதங்கள் பெரும்பாலும் இக்களத்தில் எழுவதற்குக் காரணம் இதுவே.

6. வீழ்ச்சியின் காரணங்கள்

மீறலை மறவரின் அறிவும் விருப்பும் எந்த அளவில் கலந்திருந்தன என்பதைக் கொண்டு மூன்றாகப் பகுக்கலாம்.

அறிந்தும் விரும்பியும் செய்தது முதல் வகை. எல்லாப் பழைய பதிப்புகளும் இதற்கே கடுந்தண்டனை விதித்தன.

கட்டுண்டு செய்தது இரண்டாம் வகை. மந்திரத்தால் மனம் கட்டுண்ட பாலடின் தீமை செய்தால், இரண்டாம் பதிப்பின்படி அவர் ஆற்றலை இழந்து வெறும் போர்வீரராக நிற்பார். இடர்மிக்க ஒரு பணியை நிறைவேற்றிய பின்னரே மீள்வார். விரும்பாத செயலுக்கு ஏன் தண்டனை என்று கேட்கலாம். இங்கே குற்றம், மாசு என்னும் வேறுபாடு உதவும். குற்றம் விருப்பத்தில் பிறப்பது. மாசு செயலின் விளைவில் ஒட்டுவது. மந்திரத்தால் ஆட்டுவிக்கப்பட்டவரிடம் குற்றம் இல்லை. ஆயினும் அவர் கையால் ஓர் உயிர் போயிருக்கிறது. அதற்கு அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்று விதி கருதுகிறது.

அறியாமல் செய்தது மூன்றாம் வகை. அறிந்தே என்ற சொல்லை விதிநூல்கள் திரும்பத் திரும்பச் சேர்ப்பதால் இவ்வகைக்கு வீழ்ச்சி இல்லை. ஆயினும் அறிய முயலாமை என்பது வேறு. பாலடினுக்குத் தீமையை உணரும் ஆற்றல் உண்டு. முதல் பதிப்பில் அறுபது அடி தொலைவு வரை அது பயன்படும். எதிரே நிற்பவரிடம் தீமை தெரிந்தது என்பதாலேயே வாளை ஓங்கும் வழக்கம் மேசைகளில் உண்டு. அந்த ஆற்றல் ஒருவரின் சார்பைக் காட்டுமேயன்றி அவர் என்ன செய்தார் என்பதைக் காட்டாது. செயலை விசாரிக்காமல் சார்பை மட்டும் கண்டு கொல்பவர், அறியாமையின் பின்னே ஒளிந்துகொள்ள முடியாது.

7. முரண்களும் வரிசையும்

ஒரு நிகழ்வை அருகில் வைத்துப் பார்ப்போம். கோப்ளின் என்னும் பகையினத்துக் காவலன் ஒருவன் போரின் நடுவே ஈட்டியை எறிந்துவிட்டு மண்டியிடுகிறான். பாலடின் அவனுக்கு உயிர்க்காப்பு அளிக்கிறார். குகையின் உள்ளே கடத்தப்பட்ட ஊரார் கட்டுண்டு கிடக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் பலி நடக்கும். காவலனை அவிழ்த்துவிட்டால் ஓடிப்போய் உள்ளே சொல்லிவிடுவான். கட்டிப்போட்டுச் சென்றால், குகையில் உலவும் விலங்குகளுக்கு இரையாவான். உடன் அழைத்துச் சென்றால் கூச்சலிடுவான். ‘இவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்’ என்கிறார் கயவன் பாத்திரத்தை ஆடுபவர். நடத்துநர் பாலடினை ஆடுபவரை ஏறிட்டுப் பார்க்கிறார்.

நெறித்தொகை வரிசையற்றதாக இருந்தால் இது இருதலைக்கொள்ளி நிலை. எப்பக்கம் நகர்ந்தாலும் ஏதோ ஒரு விதி சுடும். 1975ஆம் ஆண்டு நெறி கொடுத்த சொல்லைப் பார்க்கும். 2000ஆம் ஆண்டு நெறி இரு பக்கமும் இழுக்கும். வஞ்சினம் ஏற்றவருக்கோ வரிசை ஓரளவு உண்டு: காவலன் சூளுரைத்த பகைவன் அல்லன், எளிய எதிரி, அவனுக்கு இரங்கத் தடையில்லை, ஆயினும் உள்ளே நிகழவிருக்கும் பெருந்தீமையே முதலில் கவனிக்கத்தக்கது.

வரிசையை முழுமையாக எழுதிய நூல், 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு. அங்கே பாலடின், முன்வீரர் என்னும் பெருவகையின் உட்பிரிவு. அவருக்குரிய விதிகள் முதன்மை வரிசையிலேயே தரப்பட்டுள்ளன. தெய்வத்துக்கு மாறானதையும் தீயதையும் விரும்பிச் செய்யாமை முதலாவது. குற்றமற்றவரைத் துன்புறுத்தாமையும், இயன்றவரை அவருக்கு உடனடித் தீங்கு நேர விடாமையும் இரண்டாவது. பொய்யும் வஞ்சனையும் இன்றி மானத்தோடு நடத்தல் மூன்றாவது. முறையான தலைமையை மதித்தல் நான்காவது. இரு விதிகள் மோதினால் மேலுள்ளதைப் பின்பற்றுக என்று நூல் வெளிப்படையாகவே கூறுகிறது. தஞ்சம் புகுந்தோரைக் கொல்லத் தேடும் தீய அரசன் கேட்கும்போது, அவர்களைக் காக்கப் பொய் சொல்லலாம் என்பது அந்நூலின் எடுத்துக்காட்டு. கீழ்விதியிலிருந்து தப்புவதற்காகவே மேல்விதியோடு மோதலைச் செயற்கையாக உருவாக்குவதும் மீறலே என்ற காப்பும் உடனிருக்கிறது.

கொலைகாரனிடம்கூடப் பொய்யுரைக்கக் கூடாது என்று இம்மானுவேல் கான்ட் 1797இல் வாதிட்டதை இவ்விதி நேரடியாக மறுக்கிறது. தமிழ் வாசகருக்கு இம்மறுப்பு புதிதன்று. வாய்மைக்கு வள்ளுவர் வகுக்கும் இலக்கணமும் தீங்கின்மையையே அளவாகக் கொள்கிறது.

இவ்வரிசையைக் காவலன் நிகழ்வில் பொருத்துவோம். சரணடைந்தவனைக் கொல்வது முதல் விதியால் விலக்கப்படுகிறது. கயவன் கொல்லும்போது திரும்பி நிற்பதும் அதற்கு உடன்படுதலே. ஊராரைக் காப்பது இரண்டாம் விதி. அவனைச் சிறுமைப்படுத்தாமை, பொய் கூறி மிரட்டாமை போன்றவை அதன் கீழே நிற்கின்றன. ஆகவே வாயைக் கட்டித் தோளில் தூக்கிச் செல்லலாம். விலங்குகள் எட்டாத இடத்தில் பூட்டி வைக்கலாம். பெருஞ்சேனை பின்னால் வருவதாகப் பொய் சொல்லி அவனை அடங்கியிருக்கச் செய்யலாம். மானம் சற்றுக் குறையும், அறம் குறையாது. வரிசை, முரணை நீக்கிவிடவில்லை; ஆனால் ஆடுபவருக்கு அடியெடுத்து வைக்க வழி தருகிறது.

டிராகன்லான்ஸ் புதினங்களில் இதே பிரிவு இரு மாந்தர்களாக எழுகிறது. சொலாம்னியா வீரர் அணிக்குத் தம் மானமே தம் உயிர் என்னும் பொருளுடைய சூளும், நடத்தையை நுணுக்கமாக வரையறுக்கும் அளவை என்னும் பல தொகுதி நூலும் உண்டு. 1985இல் மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதி வெளிவந்த இரண்டாம் புதினத்தில், தலைமைக் கோட்டையில் டெரெக் என்பவன் அணியின் பெருமைக்காகப் பெரும்படைக்கு எதிரே வீரரைக் கூட்டிச் செல்கிறான். அவர்கள் மாள்கிறார்கள். ஸ்டர்ம் தன் கீழுள்ளவரை அனுப்ப மறுக்கிறான். பின்னர், கோட்டையில் உள்ளோருக்குப் பொழுது ஈட்டித் தருவதற்காக, மதிலின் மேல் தனியே நின்று டிராகன் ஊர்ந்து வரும் தலைவியை எதிர்த்து உயிர் விடுகிறான். இருவரும் இறந்தவர்களே, டெரெக்கின் சாவு மானத்துக்காக, ஸ்டர்மின் சாவு பிறருக்காக. அளவை நூலை மீறியவன்தான் சூளைக் காத்தவனாகக் கதையில் நிலைபெறுகிறான்.

8. தீர்ப்பாளர் யார்

நெறி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மீறல் நிகழ்ந்ததா என்று சொல்ல ஒருவர் வேண்டும். மூன்று முறைகள் காணப்படுகின்றன.

முதல் முறையில் தீர்ப்பு நடத்துநருடையது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பெரும்பாலான பதிப்புகள் இவ்வழியே. இதன் குறை வெளிப்படை. சூழ்நிலையை உருவாக்குபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. எப்பக்கம் சென்றாலும் வீழ்ச்சி என்னும்படி பொறி அமைத்துப் பாலடினை விழவைப்பது அறச்சோதனை ஆகாது. விடை இல்லாத வினாவைக் கேட்டு மதிப்பெண் குறைப்பது அது.

இரண்டாம் முறையில் தீர்ப்பு எண்ணுடையது. கிரெக் ஸ்டாஃபர்டின் பென்டிராகன் (1985) ஆர்தர் மன்னரின் வீரரைப் பற்றியது. ஒவ்வொரு வீரருக்கும் பதின்மூன்று இணைப் பண்புகள் உண்டு: இரக்கம், கொடுமை; அடக்கம், செருக்கு; வாய்மை, வஞ்சகம் எனத் தொடரும். இணையின் கூட்டுத்தொகை எப்போதும் 20. இரக்கம் 16 என்றால் கொடுமை 4. பண்பு 16ஐ எட்டிவிட்டால், அது சோதிக்கப்படும் நேரத்தில் இருபது முகப் பகடையை உருட்டியே ஆக வேண்டும். வீரர் தாமே முடிவு செய்ய இயலாது. மானம் தனியொரு பற்றாக எண்ணிடப்படுகிறது. இங்கே வீழ்ச்சி என்னும் ஒற்றைப் படுகுழி இல்லை. பண்பு ஏறவும் இறங்கவும் செய்கிறது. நற்பெயர் பழக்கத்தால் உருவாகிறது, அவ்வாறு உருவான பெயர் பின்னர் அவரையே ஆளுகிறது என்ற உண்மையை இவ்வெண்கள் நன்றாகவே காட்டுகின்றன. மானத்தை அளக்க இம்முறை சிறந்தது. அறத்தை அளக்க இது போதாது. இரக்கம் எண் 18 உடையவர் இரங்கிய இடம் சரியா என்று பகடை சொல்வதில்லை.

மூன்றாம் முறையில் தீர்ப்பு ஆடுவோருடையது. வின்சென்ட் பேக்கரின் டாக்ஸ் இன் த வைன்யார்ட் (2004), பத்தொன்பதாம் நூற்றாண்டு யூட்டாவை ஒத்த நிலப்பரப்பில், ஊர் ஊராகச் சென்று சமயநெறியை நிலைநாட்டும் துப்பாக்கி ஏந்திய இளைஞரைப் பற்றியது. நடத்துநர் ஊரை உருவாக்கும்போது கேடு வளரும் படிகளைப் பின்பற்றுகிறார்: செருக்கு அநீதியாகும், அநீதி பாவத்துக்கு இட்டுச்செல்லும், பாவம் பொய்க்கொள்கையாகவும் பொய்வழிபாடாகவும் முதிர்ந்து, இறுதியில் வெறுப்பிலும் கொலையிலும் முடியும். ஊரின் சிக்கலைக் கட்டியமைக்கும் நடத்துநர் அதன் விடையை வைத்துக்கொள்ளக் கூடாது. இளைஞரின் தீர்ப்பை எடைபோடுவதும் அவர் வேலையன்று. மோதல் பேச்சில் தொடங்குகிறது. தோற்பவர் விட்டுக்கொடுக்கலாம், அல்லது கைகலப்புக்கும் துப்பாக்கிக்கும் ஏற்றிக்கொண்டு போகலாம். ஏற ஏறப் பின்விளைவின் பகடையும் பெரிதாகும். தாம் சரி என்று நம்புவதற்காக எதுவரை செல்வீர்கள் என்ற கேள்வியை ஆட்டமே கேட்டுக்கொண்டிருக்கிறது. நடத்துநர் கேட்க வேண்டியதில்லை.

மூன்றையும் ஒப்பிட்டால், மானத்துக்கு எண்ணும், அறத்துக்கு ஆடுவோரின் தீர்ப்பும், இரண்டின் வரிசைக்கு எழுதப்பட்ட நெறியும் பொருந்துகின்றன. நடத்துநரின் பங்கு, பின்விளைவுகளை நேர்மையாக நிகழவைப்பது.

9. கழுவாய்

கழுவாயின் வரலாறும் நிலைகளாகவே விரிகிறது. 1975இல் அது இல்லை. 1978இல் ஒழுங்கு மீறலுக்கு மட்டும் உண்டு. மூன்றாம் பதிப்பில் கழுவாய் மந்திரத்தின் வழியே விரும்பிச் செய்த தீமையிலிருந்தும் மீளலாம். அவ்வாறு மீட்கும்போது மந்திரத்தை ஓதும் பூசகர் தம் அனுபவப் புள்ளிகளில் 500ஐ இழக்க வேண்டும். அறியாமலோ கட்டுண்டோ செய்ததற்கு அவ்விழப்பு இல்லை. விதிநூல்கள் கண்ட ஆழமான சிந்தனைகளுள் இதுவும் ஒன்று என்று கருதுகிறோம். மன்னிப்பு, பெறுபவருக்கு மட்டுமின்றித் தருபவருக்கும் செலவு வைக்கிறது. அதனால் கேட்பவர் எளிதாகக் கேட்கத் துணியார். ஐந்தாம் பதிப்பில் கழுவாய் இரவு முழுதும் விழித்திருந்து வேண்டுதல், உண்ணாநோன்பு போன்ற செயல்களாகிறது. வருந்தாதவருக்கே பெருந்தண்டனை, சூள் முறித்தவர் என்ற தனிப்பிரிவும் அவருக்காக எழுதப்பட்டுள்ளது.

இவ்வரிசையில் தண்டனையின் அடிப்படை செயலிலிருந்து மனநிலைக்கு நகர்ந்திருக்கிறது. மீளாவீழ்ச்சி நீங்கியதால் நெறி தளர்ந்தது என்று சொல்வோர் உண்டு. நாம் உடன்படவில்லை. ஒரே தவறில் எல்லாம் முடிந்துவிடும் என்றால், கவனமான ஆடுபவர் ஐயத்துக்குரிய எந்தச் சூழலிலும் செயல்படாமல் ஒதுங்கிவிடுவார். மேலே கண்ட காவலன் நிகழ்வில் குகையின் வாயிலிலேயே நின்றுவிடுவார். மீள வழி உண்டு என்று அறிந்தவரே குகைக்குள் நுழையத் துணிவார். ஊராரைக் காப்பது அந்நுழைவைப் பொறுத்தது.

10. முடிவுகள்

மூன்று முடிவுகளை நிறுவுகிறோம். ஒன்று, நெறித்தொகையின் நன்மை அதன் விதிகளின் எண்ணிக்கையிலோ கடுமையிலோ தங்கவில்லை. அவற்றின் வரிசையில் தங்கியுள்ளது. 1978இன் தண்டனைப் பகுப்பில் மறைந்திருந்த வரிசை 2019இல் எழுத்தில் வெளிவந்தது. இரண்டு, அவ்வரிசையில் எளியோர்க்குரிய கடமை முன்னும், மறவரின் சொல்லும் பெயரும் பின்னும் நிற்க வேண்டும்; முறைமாற்றினால் விளைவது ரோலண்ட் உரிய நேரத்தில் ஊதாத கொம்பும் டெரெக்கின் படையெடுப்பும். மூன்று, கழுவாய் இல்லாத நெறி அச்சத்தையே வளர்க்கும். அச்சம் அறத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இவற்றிலிருந்து ஆடுவோருக்கு ஒரு நடைமுறை பிறக்கிறது. நோன்பு மறவர் ஒருவர் இடம்பெறும் ஆட்டம் தொடங்குமுன் நடத்துநரும் அவரை ஆடுபவரும் மூன்றைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்: சூளின் விதிகள் எந்த வரிசையில் நிற்கின்றன, மீறலை யார் தீர்மானிப்பர், மீளும் வழி எது. இம்மூன்றும் எழுதப்பட்ட பிறகு நடத்துநர் எவ்வளவு கடினமான சூழலையும் முன்வைக்கலாம். அது பொறி ஆகாது. இவை எழுதப்படாத மேசையில், வழுவாமல் நின்ற பாலடினும் விதிநூலின் தயவில்தான் நின்றவர் ஆவார்.